2025 ஜூன் 10: நியூ ஜெர்சியில் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் தேர்வு

எடிசன் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி தொடர்ந்து இரண்டு முறை பதவி வகித்துவிட்டதால் இம்முறை போட்டியிட இயலாது. அவருக்கு அடுத்து ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நிற்பதற்கு, அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர்கள் மிக்கி ஷெரில், ஜாஷ் கோட்ஹைமர், நியூவார்க் மேயர் ராஸ் பராகா, ஜெர்சி சிட்டி மேயர் ஸ்டீவன் ஃபுலோப், ஆசிரியர் சங்கத் தலைவர் ஷான் ஸ்பில்லர், மாநில செனட்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனி ஆகிய ஆறு பேர் போட்டியிடுகிறார்கள்.

1. இந்த உட்கட்சித் தேர்தலுக்கான வாக்குப்பதிவு 2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை நடைபெறும். ஜூன் 3 முதல் 8 வரை முன்கூட்டியும் வாக்களிக்கலாம்.

2. எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் வாக்குச்சாவடியிலேயே கட்சியைத் தெரிவித்து வாக்களிக்கலாம்.

3. கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கட்சி நிர்வாகம் ஆதரிப்பவர்களை ஒரே வரிசையில் அடுக்கும் பழைய வாக்குச்சீட்டு நீதிமன்ற வழக்குக்குப் பின் கைவிடப்பட்டு, இப்போது ஒவ்வொரு பதவிக்கும் போட்டியிடுவோர் அனைவரும் ஒரே கட்டத்துக்குள் இடம்பெறுவதால், வரிசையைப் பார்த்துக் குறியிடும் பழக்கம் இனி உதவாது. பெயர்களை முன்னரே படித்துச் செல்லுங்கள்.

4. அஞ்சல் வாக்குச்சீட்டு கேட்டவர்கள் சாவடி இயந்திரத்தில் வாக்களிக்க முடியாது.

5. வேட்பாளர்களின் சொத்து வரி, போக்குவரத்துத் திட்டங்கள் குறித்து ஜூன் 1, ஞாயிறு இரவு 8 மணிக்கு ஜூமில் பேசுவோம். குழு எவரையும் ஆதரிக்கவில்லை. ஆகவே பிரசாரப் படங்களை இங்கே பகிர வேண்டாம்.

கலந்துகொள்பவர்களும், சாவடிக்குச் செல்ல வண்டி தேவைப்படும் பெரியவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஒருங்கிணைப்பாளர்