22ஆம் நாள் மதியம் வராத மணி: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. உங்களில் பாதிப் பேர் "பெயரெல்லாம் போட வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரில் இரண்டு பேரின் முழுப்பெயர் எனக்கே தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். ஆனாலும் யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குப் புரிந்துவிடும்.

விஷயம் தெரியாமல் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கு மாத்திரை வேளையை நினைவுபடுத்த ஒரு சின்னச் செயலி எழுத ஆரம்பித்தேன். ஃபோனில் அலாரம் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு மாத்திரை ஒன்றுவிட்டு ஒரு நாள், இன்னொன்று வாரத்துக்கு வாரம் அளவு குறையும், மூன்றாவது சாப்பாட்டுக்கு முன். சாதாரண அலாரத்தில் இது அடங்காது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் உங்களிடம் வாங்கிய கடனுக்குத்தான் இந்த மடல்.

முதலில், கறாராகப் பேசியவருக்கு. "ராத்திரி அலாரம் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதி, கூடவே மானிட்டரை ஃபோனில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினேன். படத்தில் பாதி என் கை நிழல். பதிலுக்கு நான்கு கேள்விகள் வந்தன: என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, எந்த ஃபோன், எந்தப் பதிப்பு. அப்புறம் ஒரு வரி: "உன் நிரலின் 400 வரியையும் நான் படிக்க மாட்டேன். பிழை மட்டும் மிஞ்சுகிற மாதிரிச் சுருக்கி, எழுத்தாக அனுப்பு." எனக்குச் சுருக்கென்றது. உதவி கேட்டு வந்தவனுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்ட ஆரம்பித்தேன். திரை வடிவமைப்பு போனது, தரவுத்தளம் போனது, நிறங்கள் போயின. 30 வரி மிஞ்சியபோது அது கண்ணில் பட்டது. நேரத்தை எழுத்தாக்கிச் சேமிக்கிற இடத்தில் பெரிய ஹெச் இரண்டு போடுவதற்குப் பதில் சின்ன ஹெச் இரண்டு போட்டிருக்கிறேன். பெரியது 24 மணிக் கணக்கு, சின்னது 12 மணிக் கணக்கு. ராத்திரி 8 மணி 20:00 என்று போகாமல் 08:00 என்று போய் உட்கார்ந்துவிட்டது. காலையில் காலை மாத்திரைக்கும் மணி அடித்திருக்கிறது, ராத்திரி மாத்திரைக்கும் சேர்த்து அடித்திருக்கிறது.

அப்பா கைக்குப் போவதற்கு முன்பே, என் சோதனை ஃபோனிலேயே இது பிடிபட்டது. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இன்றைக்கும் பிடிக்கவில்லை. உங்களுக்கு நான் பதிலே அனுப்பவில்லை. வெட்கம்தான், வேறென்ன. தாமதமானாலும் இதுதான் அந்தப் பதில்: சரியாகிவிட்டது, தப்பு என்னுடையது, நன்றி.

அடுத்து, ராத்திரி நேரத்தில் ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டுக் காவல் காத்த அக்காவுக்கு. பகலில் ஒழுங்காக அடிக்கிற மணி விடியற்காலையில் மட்டும் 40 நிமிடம், 50 நிமிடம் பிந்தி வந்தது. ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து டோஸ் (Doze) என்று ஒரு தூக்கம் இருக்கிறது. சார்ஜில் போடாமல், திரை அணைந்து, அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் ஃபோன் பின்னணி வேலைகளையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அவ்வப்போது விழித்து மொத்தமாகச் செய்யும். சாதாரண அலாரமும் அந்த மூட்டைக்குள் போய்விடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டதோடு நான் நிறுத்திக்கொண்டேன். நீங்கள் உங்கள் சொந்த ஃபோனில் என் செயலியைப் போட்டு, மூன்று ராத்திரி தொடாமல் வைத்து, ஒவ்வொரு மணியும் வந்த நேரத்தைக் குறித்து அனுப்பினீர்கள். நாலாம் நாள் சிரித்துக்கொண்டே, "இப்படித் தூங்காமல் கிடக்க வேண்டாம், கணினியிலிருந்தே ஒரு கட்டளை போட்டுத் தூங்கவைக்கலாம்" என்று டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் கட்டளையைச் சொல்லிக்கொடுத்தீர்கள். முதல் நாளே தெரியுமாம். "நிஜத் தூக்கத்தில் பார்க்காமல் கட்டளையை நம்பக் கூடாது" என்றீர்கள். அந்த வாக்கியத்தை என் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

டோஸிலும் அடிக்கிற மாதிரித் துல்லியமான அலாரத்துக்கு மாறினோம். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தூக்கத்தில் ஒரு செயலிக்கு 9 நிமிடத்துக்கு ஒரு தரம்தான் அந்தச் சலுகை. 8:00க்கு ஒன்று, 8:05க்கு ஒன்று என்று அடுத்தடுத்து வைத்திருந்ததை ஒரே அறிவிப்பாகச் சேர்த்தது உங்கள் யோசனை. ஃபோனை அணைத்துப் போட்டால் வைத்த அலாரமெல்லாம் அழிந்துவிடும், மறுபடி எழுந்ததும் நாமே புதிதாக வைக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

தப்பான யோசனை சொன்ன தம்பிக்கும் நன்றி உண்டு. கிண்டல் இல்லை. "எப்போதும் ஓடுகிற ஒரு சேவையாக வைத்துவிடுங்கள் அண்ணா, அறிவிப்புப் பட்டையில் ஓரமாக இருக்கும், ஃபோன் அதைப் பாதியில் நிறுத்தாது" என்றாய். செய்தேன். மணி அடித்தது, பேட்டரி மத்தியானத்துக்குள் காலி. நான் உன்னிடம் சொல்வதற்குள் நீயே இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "அண்ணா, அதை எடுத்துவிடுங்கள், நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்" என்றாய். சொன்னது தப்பு என்று தெரிந்ததும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்கிறவர்களை இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

புள்ளியைக் கண்டுபிடித்தவருக்கு வருகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதை யாராவது படித்துச் சொல்லட்டும். அறிவிப்பு நீளமாக இருந்தால் வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கிற மாதிரி எழுதியிருந்தேன். ஆண்ட்ராய்டு ஃபோனையும் ஐஃபோனையும் அடுத்தடுத்து வைத்துத் திரையைப் பகிர்ந்தபோது நீங்கள் கேட்டீர்கள்: "இந்த ஃபோனில் கடைசி எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி இருக்கிறது, அந்த ஃபோனில் இல்லையே, அது தூசியா?" தூசி இல்லை. "பின்" என்பது "பின" ஆகியிருந்தது. தினமும் அதைப் பார்த்த நான், மனதுக்குள் புள்ளியைப் போட்டே படித்திருக்கிறேன்.

காரணத்தைத் தோண்டிய கதையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழில் செயலி எழுதுகிற யாருக்கும் இது வரும். "மாத்திரை" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மா, த், தி, ரை. நான்கு. ஐஃபோனுக்கு எழுதிய ஸ்விஃப்ட் மொழி அதை நான்கு என்றே எண்ணுகிறது. ஆண்ட்ராய்டுக்கு எழுதிய காட்லினில் நீளம் கேட்டால் எட்டு என்கிறது. ம தனி, துணைக்கால் தனி, த தனி, புள்ளி தனி என்று யூனிகோடில் உள்ளபடி எண்ணிவிடுகிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை, எண்ணுகிற பொருள்தான் வேறு. எட்டு என்று எண்ணுகிறவனிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தால் எழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே வெட்டிவிடுகிறான். ஆண்ட்ராய்டிலேயே எழுத்து எல்லை பார்த்து வெட்டுகிற பிரேக்இட்டரேட்டர் இருக்கிறது. நான்கு வரியில் முடிந்தது. தமிழ் தெரியாத கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது அந்த 22ஆம் நாள். பேருந்தில் இருந்தபடியே கணக்குப் போட்டவருக்கு இது.

அப்பா ஐஃபோனுக்கு மாறியபின் முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் மதியம் மணி வரவில்லை. ராத்திரியும் வரவில்லை. அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். "உன் செயலிதான் மறந்துவிட்டது, எனக்கு ஞாபகம் இருந்தது" என்றார். அறிவிப்பு காட்டும் அனுமதியைப் பார்த்தேன், இருக்கிறது. செயலி தன் வேலையைக் குறித்துவைக்கும் லாக்கைப் பார்த்தேன், பிழை என்று ஒரு வரிகூட இல்லை. செயலியைத் திறந்து மருந்துப் பட்டியலை மறுபடி சேமித்ததும் ஒழுங்காக அடிக்க ஆரம்பித்தது. சரி, ஏதோ ஒரு தடவை என்று விட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி மதியம் நின்றது.

உங்களுக்கு ஃபோன் செய்தேன். நீங்கள் பேருந்தில் இருந்தீர்கள், பின்னால் ஹாரன் சத்தம். நான் அனுமதி, பதிப்பு, பேட்டரி என்று பத்து நிமிடம் விடாமல் பேசினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்று கேட்டீர்கள்: "எத்தனையாவது நாள் நின்றது?"

"இருபத்திரண்டு."

"இரண்டு தரமும்?"

"இரண்டு தரமும்."

"அன்றைக்குக் காலை மணி வந்ததா?"

"வந்தது. மதியம்தான் வரவில்லை."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி?"

"மூன்று."

கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும். அப்புறம், "21 மூன்று 63. காலை ஒன்று, 64. தம்பி, உன் கோடில் ஒன்றும் இல்லை, இறங்கினதும் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

ஐஃபோனில் ஒரு செயலி வரிசையில் வைத்திருக்கக்கூடிய உள்ளூர் அறிவிப்புகள் (சர்வர் இல்லாமல் ஃபோனே காட்டுபவை) 64 மட்டுமே. அதற்கு மேல் கொடுத்தால் சீக்கிரம் வரவேண்டிய 64ஐ வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தினம் ஒரே மாதிரி என்றால் திரும்பத் திரும்ப அடிக்கிற ஒரே அறிவிப்பு போதும். அப்பாவுக்கு நாளுக்கு நாள் மாறுவதால் நான் 30 நாளுக்கும் தனித்தனியாக 90 வைத்திருந்தேன். காத்திருக்கும் அறிவிப்புகளை எண்ணிக் காட்ட ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். திரையில் 64 என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

உங்கள் எல்லாரிடமும் நான் வாங்கியது என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் எங்கே தப்பு செய்தேன், எங்கே வெறும் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பிரித்துக் காட்டினீர்கள். சின்ன ஹெச் என் தப்பு. வெட்டுப்பட்ட புள்ளியும் என் தப்பு. 64 சுவர். தனியாக உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சுவரைப் பார்த்துத் தன்னை நொந்துகொள்வான், தன் தப்பைப் பார்த்து ஃபோனைத் திட்டுவான். நான் இரண்டையும் தாராளமாகச் செய்தேன்.

சுவர் என்று தெரிந்தபின் வழி கண்டுபிடிக்க ஒரு மாலைதான் ஆனது. செயலியைத் திறக்கும்போதெல்லாம் பழையதை அழித்து அடுத்த 63 மணிகளை மட்டும் வைக்கிறோம். 64ஆவது இடத்தில் மாத்திரை இல்லை. "இந்தச் செயலியை ஒருமுறை திறந்து பாருங்கள்" என்ற செய்தி, கடைசி மணிக்கு மூன்று நாள் முன்பே வருகிற மாதிரி. அது உங்கள் யோசனை. சர்வரிலிருந்து செயலியைச் சத்தமில்லாமல் எழுப்பலாமே என்று நான் கேட்டதற்கு, அது வந்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை, மாத்திரை விஷயத்தில் வேண்டாம் என்று தடுத்ததும் நீங்கள்தான்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் தயாரிப்பாளரே போட்டிருக்கும் பேட்டரிக் காவலன் என் செயலியை அப்படியே நிறுத்திவிடுகிறான். கோடால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. அமைப்புகளில் எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று படம் போட்டு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அக்கா, அந்தப் பக்கத்தில் நீங்கள் சொன்ன மூன்று திருத்தங்களையும் போட்டாயிற்று.

கடைசியாக, பேருந்துக்காரருக்கு மட்டும். சோதனைக்கென்று நீங்கள் கொடுத்த பழைய ஐஃபோனும் சார்ஜரும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. மறக்கவில்லை. புதிய பதிப்பைப் போட்டு இன்றோடு 19 நாள் ஆகிறது. இன்னும் நாலு நாள் பொறுங்கள். 22ஆம் நாள் மதியம் அடிக்கட்டும், மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்களை நேரம் கெட்ட நேரத்தில் எழுப்பியவன்