அந்த ஆறு கப்பல்களும் ஒருமுறையாவது கரைக்குப் போய் வரட்டும்

ஞாயிறுதோறும் நாம் தாளில் நாடும் கடற்படையும் வைத்து ஆடும் போர் ஆட்டத்தின் நடுவர் குழுவில் உள்ள மூவருக்கும் வணக்கம்.

முற்றுகைக் கப்பல்கள் இடையிடையே கரைக்குத் திரும்ப வேண்டும் என்று போன ஞாயிறு நான் கொடுத்த மனுவுக்கு ஒற்றை வரியில் பதில் எழுதிக் கொடுத்தீர்கள்: "அணுசக்திக் கப்பலுக்கு எரிபொருள் பிரச்சினை கிடையாது, முற்றுகை தொடரும்." மூன்று பக்க மனு அது. படித்தீர்களா என்று கேட்க மாட்டேன். முதல் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது, மற்ற இரண்டு பக்கமும் நான் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் திரும்பி வந்தன, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பின்னணியை நான் விளக்க வேண்டியதில்லை, தீர்ப்பு சொன்னதே நீங்கள்தான். ஆட்டத்தில் வடநாட்டை நடத்தும் நண்பரின் 'பேரிடி' வகைப் பேட்டில்ஷிப் ஆறும், அதாவது அணுசக்தியில் ஓடும் ராட்சதப் பீரங்கிக் கப்பல்கள் ஆறும், என் தீவின் ஒரே துறைமுகத்துக்கு எதிரே ஒன்பது சுற்றாக நிற்கின்றன. நம் ஆட்டத்தில் ஒரு சுற்று ஒரு மாதம். இன்னும் ஒரு சுற்று போனால் பத்து மாதம், பிள்ளையே பிறந்துவிடும். இத்தனை நாளில் ஆறு கப்பலில் ஒரு போல்ட்டாவது துருப்பிடித்ததா என்றால் இல்லை, ஒரு மாலுமிக்காவது வயிற்றுவலி வந்ததா என்றால் அதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் இந்தத் தீவின் மீன்பிடிக் கணக்கு என் மகள் கையில் இருக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆட்டக்காரர் பட்டியலில் அவள் பெயர் கிடையாது, ஆனால் நீங்கள் பாராட்டிய அந்தத் துறைமுகப் படத்தை வரைந்தது அவள்தான். ஐஸ் கம்பெனி, ஏலக்கூடம், வலை காயப்போடும் திடல், ஏலக்கூட வாசலில் ஒரு பூனை கூட உண்டு. அவள் நோட்டில் சுற்றுக்கு ஒரு பக்கம்: எத்தனை படகு போனது, டீசல் எவ்வளவு, மீன்பாடு எவ்வளவு, ஐஸ் செலவு போக மிச்சம் என்ன. முற்றுகை தொடங்கிய நாளிலிருந்து ஒன்பது பக்கத்திலும் மீன்பாடு பூஜ்யம். முதல் சில பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு அதற்குள் பூஜ்யத்தை எழுதியிருக்கிறாள். ஐந்தாவது பக்கத்திலிருந்து கட்டமே இல்லை, பென்சிலால் ஒரு சுழி மட்டும். போன ஞாயிறு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள், "அந்தக் கப்பல்காரங்க வீட்டுக்கே போக மாட்டாங்களாப்பா?"

நடுவர்களே, நானும் அதையேதான் கேட்கிறேன். அந்த ஆறு கப்பல்களும் குறிப்பிட்ட சுற்றுகளுக்கு ஒருமுறை தங்கள் துறைமுகத்துக்குப் போய் வர வேண்டும் என்று ஒரு விதி செய்யுங்கள். அவற்றை மூழ்கடித்துத் தரும்படி கேட்கவில்லை, அதை நேரம் வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

1964-ல் அமெரிக்கா என்டர்பிரைஸ், லாங் பீச், பெயின்பிரிட்ஜ் என்ற மூன்று அணுசக்திக் கப்பல்களை, வழியில் எண்ணெயோ சாமானோ ஏற்றாமல் உலகத்தைச் சுற்ற வைத்தது. நண்பர் இதைத்தான் ஆதாரமாகக் காட்டினார், நீங்களும் தலையாட்டினீர்கள். அந்தப் பயணம் 65 நாள். நம் கணக்கில் இரண்டு சுற்று. சரி, அந்த இரண்டு சுற்றை நான் தாராளமாக விட்டுக்கொடுக்கிறேன், மீதி ஏழுக்கு என்ன பதில்? அதோடு அங்கே போன மூன்றுமே அணுசக்திக் கப்பல்கள். நண்பரின் பேரிடிகளைச் சுற்றிக் காவலுக்கு நிற்கும் எட்டு பிரிகேட்டும் (சிறிய போர்க்கப்பல்கள்) எண்ணெய் குடிக்கும் கேஸ் டர்பைனில் ஓடுபவை என்று அவரே தன் கப்பல் விவரத் தாளில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் பெரி வகை பிரிகேட் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைலில், ஏறக்குறைய 4,500 கடல் மைல் போகும். வகுத்துப் பாருங்கள், ஒன்பதரை நாளில் டேங்க் காலி. மெதுவாக ஓட்டினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், ஒன்பது மாதம் தாங்குமா? எண்ணெய் ஊற்றியது யார்? அவர் தாளில் ஒரு டேங்கர் கூட இல்லை.

எண்ணெயை விடுங்கள், சோற்றுக்கு என்ன செய்தார்கள்? கப்பலுக்கு 2,000 பேர் என்று எழுதியிருக்கிறார். ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்தால் தினம் ஒரு டன், அதாவது 25 கிலோ சிப்பம் நாற்பது. ஒன்பது மாதத்துக்கு 10,800 சிப்பம், அதுவும் ஒரே கப்பலுக்கு. புளி, வெங்காயம், தேங்காயெல்லாம் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அணு உலை பாட்டுக்கு அணையாமல் எரியட்டும், சோற்று உலையில் போட அரிசி எங்கிருந்து வந்தது? ஏவுகணையும் அப்படித்தான். ஏழாம் சுற்றில் குழல்களைக் காலி செய்தவர் எட்டாம் சுற்றில் முழுசாக நிரப்பி வைத்திருந்தார். கடல் நடுவே அலையில் ஆடிக்கொண்டு செங்குத்துக் குழலுக்குள் ஏவுகணையை இறக்குவது பெரிய கடற்படைகளுக்கே இன்னும் சரியாகக் கைவராத வேலை. கரையில் கிரேன் வைத்துத்தான் நிரப்புகிறார்கள்.

பேரிடி மாதிரி அணுசக்தியில் ஓடும் ராட்சதப் போர்க்கப்பலுக்கு நிஜத்தில் கிட்டத்தட்ட ஒரே ஓர் உதாரணம் சோவியத்தின் கிரோவ் வகை. சுமார் 250 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு 28,000 டன் வாக்கில், இரண்டு அணு உலை. பேரிடியில் பாதி எடை கூட இல்லை. அந்த இரண்டு உலையும் போதாமல் எண்ணெயில் எரியும் கொதிகலனையும் சேர்த்து வைத்தார்கள் என்பது நண்பருக்குத் தெரியுமோ தெரியாதோ. மொத்தம் நான்கு கட்டினார்கள். 1980-ல் சேவைக்கு வந்த முதல் கப்பலுக்கு 1990-ல் மத்தியதரைக் கடலில் உலையில் விபத்து, அப்புறம் அது உருப்படியாகக் கடலுக்குப் போகவே இல்லை. அதே வகையில் இன்னொன்றான அட்மிரல் நகிமோவ் 1990-களின் கடைசியிலிருந்து கட்டிப்போட்டுக் கிடந்து 2025-ல்தான் மறுபடி சோதனை ஓட்டத்துக்கு இறங்கியது. அமெரிக்காவும் பேட்டில்ஷிப்பை விடச் சிறிய குரூசர் என்ற வகையில் ஒன்பது அணுசக்திக் கப்பல் வைத்திருந்தது, செலவு தாங்காமல் 1999-க்குள் ஒன்று விடாமல் ஓய்வு கொடுத்துவிட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் விமானந்தாங்கிக்கு எரிபொருள் மாற்றிப் பழுது பார்க்க 2017-ல் உள்ளே விட்டார்கள், வெளியே வந்தது 2023-ல். நம் ஆட்டத்தில் அது எத்தனை சுற்று என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அணுசக்திக் கப்பலை மீனவர்கள் மறித்த கதை ஒன்று உண்மையிலேயே உண்டு. 1974-ல் ஜப்பானின் 'முட்சு' என்ற கப்பல், மீனவர்களின் எதிர்ப்பை மீறி நழுவிக் கடலுக்குப் போனது. உலையைக் கொஞ்சமாக இயக்கியதுமே கதிர்வீச்சு கசிந்தது. நியூட்ரான் கதிரை உறிஞ்சும் போரான் கலந்த சோற்றை உருட்டி வைத்து அடைத்துப் பார்த்தார்கள். இது கரைக்குத் தெரிந்ததும் மீனவர்கள் திரும்பி வர விடவில்லை, ஒரு மாதத்துக்கும் மேல் கப்பல் கடலிலேயே நின்றது. மகளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான், "அந்தச் சோத்த அப்புறம் என்ன பண்ணாங்க?" நம் ஆட்டத்திலோ கதை தலைகீழ், கப்பல் மீனவர்களை மறித்துக்கொண்டு நிற்கிறது, சோறு மட்டும் யார் கணக்கிலும் இல்லை.

சொல்லக் கூடாது என்று இருந்தேன், வாய்வரை வந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் நான் இரண்டே இரண்டு டேங்கர் கேட்டேன். இரும்பு எங்கிருந்து, கப்பல்தளத்தில் எத்தனை வெல்டர், அவர்களுக்குச் சம்பளம் எந்த நிதியிலிருந்து என்று மூன்று வாரம் கேள்வி கேட்டீர்கள். சந்தோஷம், அப்படித்தான் கேட்க வேண்டும். அதே நடுவர்கள் 75,000 டன் கப்பல் ஆறு வந்தபோது, நண்பர் கொண்டுவந்த வண்ணப்படத்தைக் கையில் வாங்கி "பீரங்கி சூப்பரா இருக்கே" என்றீர்கள், விசாரணை முடிந்தது. எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் டேங்கருக்கும் ஒரு பீரங்கி வரைந்து கொடுத்திருப்பேன். அடுத்த சுற்றில் நானும் அணுசக்தியில் ஓடும் கட்டுமரம் ஐம்பது தாக்கல் செய்யலாம் என்றிருக்கிறேன், படம் நன்றாக இருந்தால் அனுமதி கிடைக்கும் என்றே நம்புகிறேன்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காக ஒதுக்கி, சம்பளமில்லாமல் நடுவராக உட்காருவது லேசான வேலை இல்லை என்று எனக்கும் தெரியும். நண்பர் மேலும் எனக்கு வருத்தமில்லை, விதி இல்லாத இடத்தில் யார்தான் கப்பலைத் திருப்புவார்கள்.

ஆகவே பணிவாகவே மறுபடியும் கேட்கிறேன். பத்தாம் சுற்று தொடங்கும் முன், பேரிடி வகைக் கப்பல்களுக்கு உணவு, ஏவுகணை, பராமரிப்பு மூன்றுக்கும் ஒரு கெடு வையுங்கள். கெடு முடிந்தால் அவை கரைக்குத் திரும்பட்டும். ஒரே ஒரு சுற்று போதும். மனுவின் இரண்டாவது, மூன்றாவது பக்கங்களின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன், இந்த முறை மடிக்கவில்லை.

இப்படிக்கு,
தென்தீவின் நிதி, எண்ணெய் மற்றும் (ஒன்பது மாதமாக வேலையில்லாத) துறைமுக அமைச்சர்