அறுப்புக்கு வந்துபோன அப்பா எழுதுவது

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குத்தான் இன்னும் தூக்கம் சரிப்படவில்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, அங்கே ஏழரை ஆகியிருக்கும், பிள்ளை டூட்டிக்குப் போயிருப்பாள் என்கிறாள். நேற்று போனில், அந்தத் தம்பியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சம்மதமா என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்துவிடாதே. எனக்கு இந்த மாதிரி விஷயம் பேச்சில் வராது, எழுதினால்தான் வரும். கொஞ்சம் நீளமாக இருக்கும், வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

போன வருஷம் நீ அந்தத் தம்பியைப் பற்றிச் சொன்னபோது நான் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றேன். வெள்ளைக்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நீ நினைத்தாய். சாதிசனம் என்ன பேசும் என்று பயந்து சொல்கிறேன் என்று உன் அத்தை நினைத்தாள். கல்யாணம் என்று வந்துவிட்டால் சபைக்குள்ளேயும் முதலில் அதைத்தானே கேட்கிறார்கள், அது எனக்கு எப்போதும் வெட்கமாக இருக்கும். ரெண்டும் காரணம் இல்லை. அவன் விவசாயி. அது ஒன்றுதான்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் நம் நாலு ஏக்கரிலும் வாழை. எல்லாம் குலை தள்ளி நிற்கிறது, இன்னும் இருபது நாளில் வெட்டு. ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் சூறைக்காற்று அடித்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு மரம் நிமிர்ந்து நிற்கவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றாய், அப்பா, இதைத் தூக்கி நட்டால் நிற்காதா என்று கேட்டாய். அம்மாவின் சங்கிலியும் வளையலும் ஏற்கெனவே அடகில் இருந்தன. என் பிள்ளையை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நிலத்தை விற்றுத்தான் உன்னை நர்சிங் படிக்க வைத்தது. நீ கடல் தாண்டி ஆஸ்திரேலியா போய், அங்கே விம்மேரா என்கிற வட்டாரத்தில் கோதுமை விதைக்கிறவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

வெயில் அதிகம், ஏப்ரலில் வாருங்கள் என்று நீ சொல்லியும் நவம்பர் கடைசியில்தான் வருவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தது அதனால்தான். விவசாயியை அறுப்பில் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாராலும் நடிக்க முடியாது.

நாங்கள் வந்த மூன்றாம் நாள் அவன் என்னை ஹெடர் என்கிற அறுப்பு மெஷினில் ஏற்றினான். மைசூர்ப் பருப்பு அறுப்பு. நம் வீட்டில் குழம்புக்குப் போடுகிற அந்தச் சிவப்புப் பருப்பு விம்மேராவில் இவ்வளவு விளையும் என்பதே எனக்குத் தெரியாது. செடி முழங்காலுக்குக் கீழேதான், நெற்று தரையை ஒட்டித் தொங்குகிறது, அதனால் கத்தி மண்ணைத் தொடாத குறையாகப் போக வேண்டும். கல் ஏறினால் மெஷினுக்குச் சேதம். அதற்காகவே விதைத்த கையோடு பெரிய உருளையை ஓட்டிக் கல்லையும் மண்கட்டியையும் அழுத்திவிடுகிறார்களாம். அதைவிடப் பெரிய பயம் தீ. அந்தச் செடியின் தூசி லேசில் பற்றிக்கொள்ளும், என்ஜின் சூட்டில் படிந்தால் மெஷினும் போகும், பேடக் என்று அவர்கள் சொல்கிற வயலும் போகும். மதியம் வண்டியை நிறுத்திவிட்டுக் காற்றுக் குழாயை எடுத்து இடுக்கு இடுக்காக ஊதினான். மேற்கே மேகம் கூடுகிறது, அவன் அப்பா ரேடியோவில் கூப்பிட்டு முடிந்ததா முடிந்ததா என்கிறார், இவன் அவசரப்படவில்லை. கடைசியில் கையுறையைக் கழற்றி, ஊதின இடத்தையெல்லாம் வெறும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். மழை வருகிறது என்று தெரிந்தும் இருபது நிமிஷத்தை இதற்குச் செலவழிக்கிறவனை நான் நம் ஊரில் அதிகம் பார்த்ததில்லை, நானே அப்படி இருந்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கோதுமை பேடக்கில் நின்றுகொண்டிருந்தோம். நான் ஒரு கதிரைக் கசக்கி நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தேன், இன்னும் ஈரம் இருக்கிறது என்றேன். அவன் கருவியில் போட்டுப் பார்த்தான், 13 சொச்சம் காட்டியது. 12.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொண்டுபோகிற இடத்தில் எடுக்க மாட்டார்கள். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், பிறகு தானும் ஒரு மணியை வாயில் போட்டுக்கொண்டு, சரி, எப்படிக் கடிப்பது, சொல்லுங்கள் என்றான். தாத்தா இப்படித்தான் கடித்துப் பார்ப்பாராம், இவன் கற்றுக்கொள்வதற்குள் அவர் போய்விட்டாராம். நெல்லைக் கடித்துப் பழகினவன் நான், முறிகிற சத்தம் காதுக்குள் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நீ அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாய், அவன் உன்னிடம் சொன்னானா தெரியாது.

ஹெடர் ஜிபிஎஸ் வைத்துத் தானாகவே நேர்கோட்டில் போகிறது, அதனால் ரெண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டே பேசலாம், முகம் பார்த்துப் பேச வேண்டிய சங்கடம் இல்லை. எனக்காக மெதுவாகப் பேசினான். அங்கே அவன் சொன்னது இது. இந்த மண்ணை விட்டு என்னால் வர முடியாது, மெல்பர்ன் போகலாம் என்று ஒரு நாள் அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, எனக்காக அவள் விட்டுவிட்டு வருவது நிறைய, அவளுக்காக நான் விடுவது குறைவு, அது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லிவிட்டு உங்கள் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று அவன் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஜெபம் பண்ணுவாயா என்று கேட்டேன். விதைத்து முடித்த ராத்திரிகளில் நிறைய ஜெபிப்பேன், அறுப்பில் ஆமென் சொல்வதற்குள் தூங்கிவிடுவேன் என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நம்மையும் சேர்த்து ஒன்பது பேர். பாளையங்கோட்டையில் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து பழகின எனக்கு முதலில் வயிற்றைப் பிசைந்தது. ஆயர் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாராம், மற்ற வாரங்களில் சபையாரே நடத்துகிறார்கள், அன்றைக்கு அவன் அம்மாதான் வேதம் வாசித்தார்கள். அவர்களுடைய யூனைட்டிங் சபை 1977-ல் மெதடிஸ்ட்டும் பிரெஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் ஒன்றாகச் சேர்ந்தது என்று அவர்கள் சொன்னபோது, நம் தென்னிந்தியத் திருச்சபை, சிஎஸ்ஐ, 1947-லேயே அப்படிச் சேர்ந்ததுதான் என்று சொன்னேன், அவர்களுக்கு அது புதுச் செய்தி. பாட்டு இங்கிலீஷ், ராகம் நம் பாமாலை ராகம். அம்மா தமிழிலேயே பாடினாள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஹெடரிலிருந்து இறங்கி அப்படியே தூசியோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், ஆசீர்வாதம் முடிந்ததும் திரும்பவும் வயலுக்கு ஓடினான். அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அறுத்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

அவன் அம்மாவிடம் நம் அம்மா சமையலறையில் பேசிக்கொண்டிருந்ததை நான் வெளியே உட்கார்ந்து கேட்டேன். 1990-களின் கடைசியில் தொடங்கி 2009 வரை இழுத்துக்கொண்டு போன அந்த வறட்சியில் அவன் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டாராம். விடிந்தால் போவார், ஆட்டுக்குத் தீவனம் போடுவார், வந்து படுப்பார். எட்டு மாசம். அக்கம்பக்கத்துச் சபைக்காரர்கள் இருவர் முறை வைத்துக்கொண்டு தினம் ஒருவராக வந்து, ஒன்றும் கேட்காமல், அவரோடு வேலி கட்டினார்களாம். அப்படித்தான் அவர் மீண்டு வந்தார். மகளே, வாழை சாய்ந்த வருஷம் உன் அப்பாவும் அப்படித்தான் இருந்தேன், அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அவன் என்றைக்காவது அதிகமாகப் பேசாமல் இருந்தால் களைப்பு என்று விட்டுவிடாதே. நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வீட்டு ஆள் என்றால் கண்ணுக்குத் தெரியாது.

இனி நான் கேட்கப்போவது உனக்குப் பிடிக்காது. நிலம் யார் பேரில் இருக்கிறது?

வெட்கப்படாதே, நான் சீர்வரிசை பேசவில்லை. 3,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது, ஆனால் எல்லாம் குடும்பத்துக்குச் சொந்தம் என்று நீ சொல்கிறாய். குடும்பம் என்றால் யார்? அப்பா அம்மா பேரிலா, டிரஸ்ட்டா, கம்பெனியா? ஜீலாங்கில் இருக்கிற அவன் அக்காவுக்குப் பங்கு உண்டா, இல்லையா? அவளிடம் யாராவது கேட்டார்களா? இருபது வருஷம் கூலி வாங்காமல் உழைத்த மகனும் மருமகளும் உயில் வாசிக்கிற அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிற கதை இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. அங்கேயே ஆராதனைக்கு முன்னால், இந்த மண்ணின் முதல் சொந்தக்காரர்களான வொட்ஜோபாலுக் மக்களை நினைவுகூர்ந்தார்கள். 2005-ல்தான் கோர்ட் அவர்களுடைய உரிமையை ஏற்றுக்கொண்டதாம். நிலம் யாருடையது என்கிற கேள்வியைச் சும்மா விட்டால் அது போய்விடாது.

வேதத்தில் இருக்கிற ரூத்தின் சரித்திரத்தைக் கல்யாணத்தில் எல்லாரும் முதலாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நாலாம் அதிகாரத்தைப் படி. போவாஸ் பட்டணத்து வாசலில் போய் உட்கார்ந்து, மூப்பரில் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ரூத்தின் மாமனார் எலிமெலேக்கின் வயல் விவகாரத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் ரூத்தைக் கல்யாணம் பண்ணினான். அவன் அவளை நேசித்ததற்கு எனக்கு அதுதான் சாட்சி. இந்தத் தம்பியும் அவன் அப்பாவும் அக்காவும் நீயும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசுங்கள், அவர்களுடைய கணக்காளரும் இருக்கட்டும். ஒளிவுமறைவு இல்லாமல் பேசட்டும், எவ்வளவு வரும் என்பது எனக்கு முக்கியம் இல்லை.

உன் சம்பளம் உன் கணக்கில் இருக்கட்டும். வீட்டுச் செலவுக்குக் கொடு, கஷ்ட வருஷத்தில் தாராளமாகக் கொடு, ஆனால் மழை பெய்யாத வருஷத்துக்கெல்லாம் உன் சம்பளம்தான் மழை என்று ஆகிவிடக் கூடாது. விலையும் அவர்கள் கையில் இல்லை. 2017 டிசம்பரில் இந்திய அரசு கொண்டைக்கடலைக்கும் மைசூர்ப் பருப்புக்கும் 30 சதவீத இறக்குமதி வரி போட்டதும் விலை விழுந்ததை அவன் அப்பா சொன்னார். நம் ஊர் விவசாயிக்காகப் போட்ட வரி, அதை நான் தப்பென்று சொல்ல முடியவில்லை, அவர் எதிரில் உட்கார்ந்து சரி என்றும் சொல்ல முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் எங்களை முர்ட்டோவாவில் அந்தப் பெரிய தானியக் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். யுத்த காலத்தில் கோதுமையைக் கப்பலில் அனுப்ப முடியாமல் குவிந்தபோது 1941-42-ல் கட்டினது, சீவாத மரத் தடிகள் 560 வரை நிற்கின்றன, கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். உள்ளே போனதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். அங்கே வைத்துத்தான் அவன் உன்னைக் கேட்டான் என்றும், அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நீ சொன்னாய் என்றும் அம்மா பிளேனில்தான் என்னிடம் சொன்னாள். கேட்கிறேன் என்று சொன்னாயே, அதுவே எனக்குப் போதும்.

இன்னொன்று. அவன் வீட்டு வராந்தாவில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது, பார்த்திருப்பாய். அங்கே குளிர்காலத்து உறைபனியில் அது கருகிவிடும். செடியைச் சுற்றி நாலு கம்பு நட்டு, பழைய உரச் சாக்கைத் தைத்து, ராத்திரி மூடி விடியலில் திறக்கிற மாதிரி செய்திருந்தான். போன குளிர்காலம் முழுக்க அதைச் செய்தானாம். அதற்கு முந்தின குளிர்காலமும்தான் என்று அவன் அம்மா சொன்னார்கள். நீ எங்களிடம் அவனைப் பற்றி வாயே திறக்காத காலம் அது.

சரி மகளே. அப்பாவுக்குச் சம்மதம்.

தேதி விஷயம். அறுப்பு முடிந்து அவன் மூச்சு விடுவதற்குள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து வந்துவிடும், லெந்தில் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்தால் அவர்களுக்கு விதைப்பு. ஜூலை சரியாக வரும், பயிர் முளைத்து நிற்கும். அங்கே கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே அறிவிப்புப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றாயே, அதைப் பார்த்துக்கொள். இங்கேயும் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, கல்யாணம் அங்கே நடந்தாலும் பிள்ளையின் பேர் நம் கோயிலில் கேட்க வேண்டுமாம், நம் சபை ஐயரிடம் நான் பேசுகிறேன். நீ முதலில் அந்த மேஜைப் பேச்சை முடித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் கூப்பிடு, எடுப்பேன்.

அப்பா