தட்டிய பந்து யார் கையில் விழுந்தது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், அவுஸ்திரேலியக் காற்பந்து பற்றிய கட்டுரையில், "ரக்மன்களை ஒப்பிட ஹிட்அவுட் எண்ணிக்கையே போதும், உயரம் இருந்தால் அது தானாக வரும்" என்று ஒரு வரி. நடுவர் எழுப்பும் பந்துக்குப் போட்டியிட்டுத் தன் அணிக்காகத் தட்டுகிறவர்தான் ரக்மன், அந்தத் தட்டுதான் ஹிட்அவுட். தாங்களும் படித்துத்தான் அச்சுக்கு விட்டிருப்பீர்கள். அதனால்தான் மனம் ஆறவில்லை.

ஹிட்அவுட் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. எழும்பிய பந்தை ரக்மன் தன் கட்டுப்பாட்டில் தட்டினால் ஒன்று. அது கீழே காத்திருந்து பந்தை எடுத்து ஓடுகிற தன் ரோவரிடம் விழுந்தாலும் ஒன்று, எதிரணிக்காரன் கையில் விழுந்தாலும் அதே ஒன்று. இதை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டக்காரனை எப்படி எடைபோடுவது? ஜீலோங்கின் பொலி ஃபார்மர் 191 சென்ரிமீற்றர்தான். இன்றைய ரக்மன்களுக்குப் பக்கத்தில் நின்றால் குட்டையாகத்தான் தெரிவார். ஆனால் பந்து தன் ரோவர் பில் கொகினிடம் போய்ச் சேருகிற மாதிரித் தட்டுவார். பந்தைப் பிடித்தாரென்றால் ஹாண்ட்போல், அதாவது ஒரு கையில் வைத்து மறு கை முட்டியால் குத்திக் கொடுப்பது. கார் யன்னலுக்குள் பந்தை அடித்து அடித்துப் பழகிய கை அது. ஜீலோங்குக்கு 1963 கிண்ணம் அந்தக் கையால் வந்தது.

இருபது வருடத்துக்கு முன் என் மூத்தவனும் ரக்மன்தான். பதினைந்து வயதுக்குட்பட்ட அணி. அணியின் மற்ற ரக்மன் பையன் இவனைவிட அரைத் தலை உயரம். இவனுக்குப் பாயத் தெரியாது, ஆனால் உடம்பைக் கொடுத்து மறிக்கத் தெரியும், மணிக்கட்டை மடக்கிக் காலடியிலேயே பந்தை இறக்கத் தெரியும், விழுந்த பந்துக்குப் பின்னால் நான்காவது ரோவராக ஓடத் தெரியும். அரையிறுதிக்கு முந்தின வியாழன் தெரிவுக்குழுவில் ஒருவர் கொப்பியை விரித்து ஹிட்அவுட்டைக் கூட்டினார். அணிப் பட்டியலிலிருந்து இவன் பெயர் போய்விட்டது. சனிக்கிழமை நானும் அவனும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். உயரமான பிள்ளை பந்துக்குப் பந்து தட்டினான், பந்துக்குப் பந்து எதிரணி ரோவர் எடுத்துக்கொண்டு ஓடினான். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் என்னுடையவன் கேட்டான்: "அப்பா, நான் தட்டினது ஆரிட்டப் போனது எண்டு ஒருத்தரும் எழுதேல்லையா?" அடுத்த வருடம் அவன் பூட்ஸை எடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இருபது வருடமாக என்னிடம் பதில் இல்லை. தங்கள் இதழ் அந்தக் கொப்பிக்காரரின் பக்கம் நின்றுவிட்டது.

அதே கட்டுரை, அணிக்கு இரண்டு பெரிய ரக்மன் இருந்தால் இரட்டைப் பலம் என்றும் சொல்கிறது. 2023-இல் மெல்பேர்ண் அணி அதைத்தானே செய்து பார்த்தது? தன் முதல் ரக்மன் மக்ஸ் கோனுக்குத் துணையாகக் கொலிங்வூட்டிலிருந்து புரோடி கிரண்டியைக் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் வேண்டியது நடுவட்டம். ஒருவர் அங்கே நின்றால் மற்றவர் முன்வரிசைக்குப் போகவேண்டும், அது வேறு தொழில். பருவத்தின் நடுவிலேயே கிரண்டி வி.எஃப்.எல். என்ற கீழ்நிலைப் போட்டிக்கு இறக்கப்பட்டார். 2024-இல் அதே மனிதர் சிட்னியின் முதல் ரக்மனாக இறுதிப் போட்டியில் நின்றார். ஒரே வருடத்தில் கை மாறியதா, இடம் மாறியதா?

2021-இல் அதே மெல்பேர்ணுக்கு லூக் ஜாக்சன் இருந்தார். தட்டிய மறுகணம் மிட்ஃபீல்டர்போல் ஓடுகிற பிள்ளை, அதனால் கோனோடு முட்டவில்லை. கோனும் அந்த வருட முன்னிறுதியில் ஜீலோங்குக்கு எதிராக ஐந்து கோல் அடித்தார். அதை ஹிட்அவுட் பத்தியில் எங்கே எழுதுவது? ரிச்மண்ட் 2017-இல் நன்கர்விஸ் என்ற ஒரே ரக்மனை வைத்துக்கொண்டு, அவர் இளைப்பாறும்போது மிட்ஃபீல்டர் ஷோன் கிரிக்கை ரக்கில் நிறுத்திக் கிண்ணம் வென்றது. ரக்மன் இருவரைத் தவிர மூன்றாமவர் பாய்ந்து தட்டக்கூடாது என்று விதி வந்த அதே வருடம். கிரிக் எத்தனை ஹிட்அவுட்டில் தோற்றார் என்று அன்று யாரும் அழவில்லை.

பழையதைக் கிளறுவதாக நினைக்கவேண்டாம். 2021-இல் மெல்பேர்ண் அணி 57 வருடத்துக்குப் பிறகு கிண்ணம் வென்றபோது தங்கள் தலைப்பு "ரக்பி இறுதிப் போட்டி" என்று வந்தது. திருத்தம் எழுதினேன், வரவில்லை. 2012-இல் ஜிம் ஸ்டைன்ஸ் மறைந்தபோது ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன், மூன்று வரி வந்தது. அயர்லாந்திலிருந்து வந்து இந்த விளையாட்டை அகரத்திலிருந்து கற்று, தொடர்ச்சியாக 244 ஆட்டம் ஆடிய ரக்மன். 1991-இல் அவர் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம் வென்றபோது நான் இங்கு வந்து சில மாதம்தான். வேலையிடத்தில் எல்லோரும் அவரைப் பற்றியே பேசினார்கள். பிற்காலத்தில் வந்தவனும் இங்கே நடுவில் நிற்கலாம் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர். மூன்று வரி போதவில்லை, ஐயா.

கேட்பது பெரிதில்லை. வாராந்த அட்டவணையில் ஹிட்அவுட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி சேருங்கள்: தன் அணிக்காரரிடம் நேரே போய்ச் சேர்ந்த ஹிட்அவுட் எத்தனை, நெரிசலிலிருந்து பந்தை வெளியே கொண்டுவந்த கிளியரன்ஸ் எத்தனை. இடம் போதாவிட்டால் ராசிபலனை ஒரு விரற்கடை சுருக்கலாம்.

இப்படிக்கு,
முதல் இதழிலிருந்து சந்தா கட்டும் வாசகன்,
டண்டினோங் வடக்கு