அம்மாவையும் கறுப்பனையும் காத்த அயனாவரத்து உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுத்த படுக்கையாக இருந்த என் அம்மா, இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இடக்கையில் கரண்டி பிடித்துக் குழைந்த சோற்றைத் தாமே உண்கிறார். உண்ணிக் காய்ச்சலில் மூக்கிலிருந்து இரத்தம் கசியச் சுருண்டு கிடந்த எங்கள் நாய் கறுப்பன், பால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டதும் மறுபடி வாசலுக்கு ஓடத் தொடங்கிவிட்டான். இவற்றை உங்களில் பலரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆயினும் உதவியவர்களில் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது என்பதால், அனைத்தையும் ஓரிடத்தில் எழுதி வைப்பதே முறை என்று எனக்குத் தோன்றியது.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பியபோது செவிலியர் கண்டிப்பாகச் சொன்னவை இரண்டு. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி செலுத்தும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். செலுத்தி முடித்த பிறகும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லையேல் உணவு எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். வீட்டில் தனி ஆளாக இருப்பவள் இந்த இரண்டையும் கடைப்பிடித்தால், வெளியே போய்வர அவளுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அதற்குள் மருந்துக் கடைக்குப் போய்வரலாம். நோயுற்ற நாயை வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சீட்டு வாங்கிக் காத்திருந்து, இரத்தப் பரிசோதனை செய்து, ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு திரும்ப முடியாது. எனக்கு அன்று பணமுடையை விட நேரமுடையே பெரிதாக இருந்தது. அதைத் தீர்த்தவர்கள் நீங்கள்.

மாடி வீட்டு அக்காவுக்குத்தான் முதல் நன்றி. என்ன வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அம்மாவைப் புரட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார், மறுநாள் தாமே செய்தார். இடுப்புக்கடியில் மடித்துப் போட்ட போர்வையைப் பிடித்து இழுத்து, உடம்பைத் தேய்க்காமல் திருப்பி, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும் வைத்துவிட்டு, குதிகாலிலும் வால் எலும்பின் மேலும் தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்திய இடம் வெளுத்து மீண்டால் நல்லது, சிவப்பாகவே நின்றால் கவனிக்க வேண்டும் என்பதை நான் சொல்லாமலே கற்றுக்கொண்டிருந்தார். இத்தனை மாதங்களில் அம்மாவின் உடம்பில் ஒரு புண்கூட வரவில்லை. அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் அக்காவுடையது.

கறுப்பனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது இதற்கு நடுவில்தான். வாடகை வண்டிக்காரர்கள் நாய் என்றதும் மறுத்துவிட, ஸ்டாண்டில் நின்ற ஆட்டோ அண்ணன் பின்னிருக்கையில் பழைய சாக்கை விரித்து, “தூக்கிட்டு வாங்கம்மா, பாத்துக்கலாம்” என்றார். 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், எனக்கு நேரமாகிறது என்பதை உணர்ந்து, சிகிச்சை முடியும்வரை நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி எனக்குப் பதிலாக அவரே உட்கார்ந்திருந்த நாள்களும் உண்டு. காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இனியாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இம்மடல் வாயிலாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துவிட்டன, டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்றார் மருத்துவர். மாத்திரையை மட்டும் துப்பிவிட்டுச் சோற்றைத் தின்கிற சாமர்த்தியசாலி கறுப்பன். அவனை ஏமாற்றியது எதிர்வீட்டுப் பள்ளி மாணவன். அவித்த முட்டையின் மஞ்சள் கருவுக்குள் மாத்திரையைப் புதைத்து, அதற்கு முன்னும் பின்னும் வெறும் முட்டைத் துண்டுகளை வேகமாகக் கொடுத்துவிடுவான். தேர்வுக் காலத்திலும் ஒரு வேளை தவறவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் இந்த நாய் எதற்கு, எங்காவது விட்டுவிடு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அப்பா தூக்கி வந்து வளர்த்த பிள்ளையை அம்மாவின் கண்ணெதிரே கொண்டுபோய் விடுவது வைத்தியமாகாது என்பது என் எண்ணம். அவர்கள் அச்சத்தில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்கவில்லை. நோயைக் கொண்டுவருவது நாயல்ல, உண்ணி, அது சுவர் வெடிப்புகளில் முட்டையிடும் என்று மருத்துவர் விளக்கினார். அதைக் கேள்விப்பட்டு, பெயின்டர் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முற்றத்துச் சுவரின் வெடிப்புகளைச் சுரண்டிச் சிமெண்டுப் பூச்சு வைத்து அடைத்தார்.

அன்றாட வேலைகள் யாருக்காகவும் நிற்பதில்லை. ரேஷன் கடையில் அட்டையில் பெயர் உள்ளவர்தான் கைரேகை வைக்க வேண்டியிருந்ததால் வேறொருவரை அனுப்ப முடியவில்லை. இஸ்திரிக்கடை அண்ணி எனக்காக வரிசையில் நின்று, முறை நெருங்கும்போது தொலைபேசியில் அழைப்பார். நான் ஓடிப்போய் விரலை வைத்துவிட்டு அரிசியையும் பருப்பையும் அவரிடமே விட்டுவிட்டு ஓடி வருவேன். நவம்பரில் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. தபால்காரர் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்தார். செயலிழந்த வலக்கை விரல்களில் ரேகை பதியவில்லை. இடக்கை விரல்களை ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துப் பொறுமையாக முடித்துக் கொடுத்தார். வங்கிக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமோ என்று உறக்கமில்லாமல் இருந்த எனக்கு, 70 ரூபாய்க் கட்டணத்தில் அந்தக் கவலை தீர்ந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்த்த தன்னார்வலருக்கும், அம்மாவின் கைகால்களுக்குப் பயிற்சியளித்த இயன்முறை மருத்துவருக்கும், மாதக் கடைசியில் கணக்கைக் கேட்காத மருந்துக்கடை ஐயாவுக்கும் என் நன்றி.

இன்னொரு செய்தி. தம் தந்தைக்கு வாங்கிய காற்று மெத்தையை அடுத்த தெரு ஆசிரியர் எங்களுக்குக் கொடுத்திருந்தார். அம்மாவால் இப்போது தாமே புரண்டு படுக்க முடிவதால் அது தேவைப்படவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, அடுத்துத் தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். பம்ப் நன்றாக ஓடுகிறது. குழாய் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறேன். வேண்டுவோர் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம். எப்படிக் காற்றடைப்பது, எப்படிப் புரட்டுவது என்பதை நானோ மாடி வீட்டு அக்காவோ வந்து காட்டிக் கொடுப்போம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
வேப்பமரத்து வீட்டு மகள்