அடர்த்தி எழுதும் பலகையில் இன்னொரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் இதே பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: பழைய பைக் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கவனிக்காமல் போட்டுவைத்துவிட்டு, பழியை, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலின் தலையில் கட்டுகிறார்களாம். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் இல்லையென்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதியில் கை வைக்காதீர்கள். பெட்ரோல் பங்கில் எத்தனால் அளவை எழுதி வைக்க வேண்டும் என்று நான் கேட்பது அங்கேதான் இருக்கிறது.

நான் தூத்துக்குடிக்காரன். கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் நிற்பது 1993-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985 கடைசியில் வந்து 1996-இல் நிறுத்தப்பட்ட வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். இன்றைக்கு இருபது வயதுப் பையன்கள் தெருவில் நிறுத்தி, "அண்ணாச்சி, கொடுக்கிறீங்களா?" என்று விலை கேட்கிறார்கள். வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு சொல்கிறார்கள். எனக்கு அது வேலைக்குப் போய்வந்த வண்டி, அவ்வளவுதான். மெக்கானிக்கிடம் விடுவது வருடத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைப்புறத்தில், ஒரு சாக்கை விரித்து, நானே.

அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியில், ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி அடிக்கடி சரிசெய்ய வேண்டிய வால்வும் டேப்பட்டும் கிடையாது. கெட்டுப்போகும் இடங்கள் நாலைந்துதான். சைலன்சரின் பின்னால் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஓட்டைக் குழாய் கையோடு வந்துவிடும். ஆயில் கரி பிடித்து அடை மாதிரி இருக்கும். சிரட்டையைக் கொளுத்தி அதில் போட்டு எடுத்து, ஆறியதும் தட்டினால் கரி பொலபொலவென்று உதிரும். மறுபடி மாட்டி உதைத்தால் வண்டிக்கு ஐந்து வயது குறைந்த மாதிரி இருக்கும். பிளக்கில் பொறி வர வைக்கும் பாயிண்ட் அதைவிட நுணுக்கம். எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னட்டில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு உண்டு. அதைப் பாயிண்டுக்கு நேராகத் திருப்பி வைத்து, மெல்லிய உப்புத்தாளை மடித்து நுழைத்து இரண்டு இழுப்பு. அப்புறம் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து 0.35 மில்லிமீட்டர் இடைவெளி. கேஜ் தகடு லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும், வழுக்கிக்கொண்டும் வரக்கூடாது, இழுபடவும் கூடாது. இதைச் சொல்லித் தர முடியாது, விரலுக்குத்தான் தெரியும். ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாயில் கடைசிச் சொட்டை விடுவதற்கும் இதே கைதான் வேண்டும்.

ஆகவே, பராமரிக்கத் தெரியாதவர்கள் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

சரி, எத்தனாலுக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் வாசலில் நின்ற வண்டியின் ஹேண்டில்பாரும் கண்ணாடியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஆசைப்பட்டு உதைத்துப் பார்க்கக் கூடாது. தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, சைலன்சரைக் கழற்றி, வண்டியை முன்னும் பின்னும் சாய்த்துக் கொட்டினேன். பிளக் இல்லாமலேயே கிக்கரைக் கையால் மெல்லச் சுற்றச் சுற்ற, துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது. கொஞ்சம் டூ டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) உள்ளே ஊற்றி ஊற வைத்தேன். கியர் ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி வந்தது. மூன்று தடவை மாற்றிய பிறகுதான் ஆயில் நிறத்துக்குத் திரும்பியது. என் மகளின் ஹேர் டிரையரால் மேக்னட்டைக் காய வைத்ததற்கு அவள் இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பெட்ரோல் டேங்க்கில் இருந்தது. டேங்க்கைக் கழற்றி, பெட்ரோலைத் திறந்து மூடும் காக் வழியாக உள்ளே இருந்ததை ஒரு பாட்டிலில் பிடித்தேன். இரண்டு அடுக்காக நின்றது. மேலே பெட்ரோல், கீழே கலங்கல். மூடி வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கும் என்று தெரியும். ஆனால் முகர்ந்தபோது பெட்ரோல் வாடைக்குள்ளே இன்னொன்று இருந்தது. லேபில் ஸ்பிரிட் ஜாடியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. முப்பத்தோரு வருடம் அதை முகர்ந்த மூக்கு இது.

விஷயம் இதுதான். எத்தனாலுக்குப் பெட்ரோலும் சொந்தம், தண்ணீரும் சொந்தம். ஆனால் தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் வந்துவிட்டால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். முந்தைய காலத்தில் டேங்க்கில் தண்ணீர் புகுந்தால் அது முத்து முத்தாக அடியில் தனியே கிடக்கும், வடித்து விட்டால் தீர்ந்தது. இப்போது தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு அடியில் தங்குகின்றன. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு முதலில் போய்ச் சேர்வதே அந்த அடி மண்டிதான். வெள்ளமே வர வேண்டும் என்பதில்லை. எங்கள் ஊர் உப்புக் காற்றில் பாதி டேங்க்கோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால், காற்றிலிருந்தே ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற அன்று துறைத் தலைவர் விளையாட்டாகக் கொடுத்த நூறு மில்லி அளவுச் சாடி ஒன்று அலமாரியில் கிடந்தது. பத்து மில்லி தண்ணீர், அதில் ஒரு சொட்டு நீல மை. மேலே நூறு கோடு வரை பங்கில் வாங்கிய பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வைத்தால், மை தண்ணீரோடுதான் நிற்கும், பெட்ரோலில் கரையாது. கோடு பளிச்சென்று தெரியும். (அடுப்பங்கரையில் செய்யாதீர்கள். நான் மொட்டை மாடியில், பீடி பிடிக்கும் மைத்துனரைக் கீழே அனுப்பிவிட்டுச் செய்தேன்.) போன வருடம் செய்தபோது நீலம் 27-இல் நின்றது. பத்து ஊற்றினது 27 ஆகியிருக்கிறது என்றால், 17 மில்லி எத்தனால் கீழே இறங்கியிருக்கிறது. 90-க்கு 17, ஏறக்குறைய 19 விழுக்காடு. வீட்டுக் கணக்கு, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு, தண்ணீரால் கழுவி எத்தனாலை நீக்கிய பெட்ரோலை வண்டிக்கு ஊற்றலாமே என்று ஒரு தம்பி கேட்டான். வேண்டவே வேண்டாம். எஞ்சின் தட்டாமல் ஓட வைக்கும் ஆக்டேன் எத்தனாலுக்கு அதிகம். அதையும் கணக்கில் வைத்துத்தான் கலவையே தயாராகிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். எஞ்சின் கடகடவென்று தட்டும்.

போன ஆவணியில் கார்புரேட்டர் ஒழுக ஆரம்பித்தது. கீழ்க் கிண்ணத்தின் நாலு ஸ்குரூவைக் கழற்றினால், அடியில் அரிசி மாவு தூவிய மாதிரி வெள்ளைப் பொடி. கார்புரேட்டரின் உலோகமே அரித்துப் பொடியாகியிருக்கிறது. பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனை நகத்தால் அமுக்கினால் பள்ளம் விழுகிற அளவுக்கு இளகியிருந்தது. காக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வாசரும் அப்படியே உப்பிப் போய்க் கிடந்தது. முப்பது வருடத்து ரப்பர், தானாகவே கெட்டிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதனால் பழைய பெட்ரோல் டியூப் ஒன்றை ஒரே அளவில் இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றைப் பங்கு பெட்ரோலிலும், மற்றதைக் கழுவிய பெட்ரோலிலும் ஒரு மாதம் ஊற வைத்தேன். இரண்டும் உப்பின. பங்கு பெட்ரோலில் கிடந்த துண்டு கூடுதலாக உப்பி, முறுக்கினால் வெடித்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கே புது டியூப் வாங்கப் போனேன். எத்தனாலைத் தாங்குவது வைட்டான் ரப்பர். மூன்று கடையில் கேட்டேன், மூன்றிலும் அந்தப் பெயர் தெரியவில்லை. நாலாவது கடைக்காரர் பெயிண்ட் கடையைக் கை காட்டினார்.

இன்னொன்று. எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் கார்புரேட்டர் வண்டிக்கு ஒரே ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டிய முனை சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அது சூட்டுக்கு அடையாளம், கவனிக்காமல் விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டிப் போட்டேன், நிறம் திரும்பியது. மைலேஜ் குறைந்தது. குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது: 10 விழுக்காடு எத்தனாலுக்கு ஏற்ப அமைத்த இருசக்கர வண்டிகளில் 20 போட்டால் 3 முதல் 4 விழுக்காடு. என் வண்டியை அமைத்தபோது பத்தும் இல்லை, இருபதும் இல்லை.

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறவருக்கு நாலு காசு வந்தால், வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகிற பணம் குறைந்தால், நல்லதுதான். 2030-க்கு வைத்திருந்த 20 விழுக்காட்டு இலக்கை 2025-க்கே எட்டிவிட்டோம் என்கிறார்கள். சந்தோஷம். என் கேள்வி சின்னது. எந்த நம்பர் ஜெட் போடுவது என்று நான் முடிவு செய்ய வேண்டுமென்றால், டேங்க்கில் விழுவதில் எத்தனால் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? இதே சாடியில் வேறொரு நாள் நீலம் 21-இல், அதாவது ஏறக்குறைய 12 விழுக்காட்டில், நின்றதும் உண்டு.

நான் வழக்கமாகப் போடும் பங்கில் கேட்டேன். "தம்பி, இதுல எத்தனால் எவ்வளவுப்பா?" பையன் நாசிலைத் தூக்கிக்கொண்டே, "பெட்ரோல்தான் அண்ணாச்சி, வண்டியக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க" என்றான். அவனைச் சொல்லி என்ன பயன். பங்க் எங்கும் தேடிப் பார்த்தேன், எத்தனால் என்ற எழுத்தே கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் புது வண்டிகளில், அது எத்தனை விழுக்காடு வரை தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது விதி. தாங்குகிற வண்டிக்கு ஸ்டிக்கர் உண்டு, ஊற்றுகிற பம்புக்குக் கிடையாது.

பங்கில் நமக்குச் சில உரிமைகள் இருக்கின்றன. அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் படியில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஃபில்டர் பேப்பர் கேட்டு, ஒரு சொட்டு விட்டு, கறை தங்குகிறதா என்று பார்க்கலாம். ஆனால் எத்தனாலும் பெட்ரோலைப் போலவே ஆவியாகிப் போய்விடும் என்பதால் அந்தத் தாளில் அது தெரியாது. பெட்ரோலின் அடர்த்தியையும் பங்க்காரர்கள் அன்றாடம் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் எழுதுகிறார்கள், நாம்தான் பார்ப்பதில்லை.

நான் கேட்பது அந்த அடர்த்திக்குக் கீழே இன்னொரு வரி. "எத்தனால்: இத்தனை விழுக்காடு." லாரியில் சரக்கு இறங்கும்போதே எண்ணெய் நிறுவனத்துக்கு அது தெரியும். புதுப் பலகை வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஊருக்கு ஒரு பம்பாவது வைக்கலாம் என்றும் ஆசைதான். அது பெரிய விஷயம், பெரியவர்கள் முடிவு செய்யட்டும். 20 வருடம் தாண்டிய பைக்கின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது நானும் கட்டத்தான் போகிறேன். இன்னும் ஐந்து வருடம் ஓட்டிக்கொள் என்று பணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுப்பவர்கள், அதில் என்ன ஊற்றுகிறார்கள் என்பதையும் எழுதி வைக்கலாம்.

எங்கள் ஊர்ப் பங்க் உரிமையாளர் யாராவது இதைப் படித்துவிட்டுச் சந்தேகப்பட்டால், சாடியையும் மைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். பெட்ரோல் தொண்ணூறு மில்லி மட்டும் அவர் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆய்வக உதவியாளர்,
தூத்துக்குடி.