மைசூர் டூர் புகார்: நோட்டீஸ்ல போட்டத காட்டல, காச திருப்பி குடுங்க

அனுப்புநர்: கிருஷ்ணகிரில இருந்து உங்க டூர்ல வந்த குடும்பம் (புக்கிங் ரசீது இணைச்சிருக்கேன்)

பெறுநர்: மேனேஜர் அவர்கள், டூர் பிரிவு

பொருள்: மைசூர், நஞ்சன்கூடு, ஸ்ரீரங்கப்பட்டணம், மேல்கோட்டை ரெண்டு நாள் டூர்ல பாதி இடம் காட்டாதது சம்பந்தமா

வணக்கம் சார்,

போன மாசம் சனி ஞாயிறு உங்க டூர்ல வந்தோம், அப்பா அம்மா பெரியம்மா சித்தி நான் என் வீட்டுக்காரர் பசங்க எல்லாரும். ஆளுக்கு 4,200 ரூபா முழுசா முன்னாடியே கட்டிட்டோம். திரும்பி வந்த மறுநாளே உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன், எடுத்த பொண்ணு சாருக்கு சொல்றேன்னு சொல்லிச்சு, அதுக்கப்புறம் பதிலே இல்ல. அதான் எழுத்துலயே குடுத்துடலாம்னு எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், டிரைவர் அண்ணன் மேல எந்த குறையும் இல்ல. ராத்திரி மழையில கூட பொறுமையா ஓட்டினார், பெரியம்மாவ கைய புடிச்சு எறக்கி விட்டார். அவர் சம்பளத்துல கை வைக்காதீங்க. தப்பு பூரா புரோகிராம் போட்டவங்க மேலயும் கூட வந்த கைடு மேலயும்தான்.

வண்டி விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன். புஷ்பேக் ஏசினு சொன்னீங்க, ரவுண்டானாகிட்ட விடிகாலைல நின்னா வந்தது பழைய டெம்போ டிராவலர், ஏசில காத்து மட்டும்தான் வந்துச்சு. அத கூட விட்டுடலாம். ஆனா ஓசூர் தாண்டி அத்திப்பள்ளில கர்நாடகா டாக்ஸ் கட்டலனு வண்டிய ஓரங்கட்டிட்டாங்க, டிரைவர் உங்க ஆபீசுக்கு போன் மேல போன் போடறாரு யாரும் எடுக்கல, வெயில் ஏறிடுச்சு, பசங்க பசில அழுவுதுங்க. தமிழ்நாட்டு வண்டி பார்டர் தாண்டறதுக்கு முன்னாடி ஆன்லைன்லயே கட்டிட்டு வரலாம்னு அங்க நின்ன லாரிக்காரங்க எல்லாருக்கும் தெரியுது, டூர் நடத்தற உங்களுக்கு தெரியாதா? இதனால மைசூர் போய் சேரவே மத்தியானம் ஆயிடுச்சு.

சரி லேட்டாயிடுச்சு, சாப்ட்டதும் நேரா அரண்மனைக்கு போவாங்கனு பாத்தா கைடு எங்கள ஒரு பட்டு கடைக்கு கூட்டிட்டு போனார். கவர்மெண்ட் பேக்டரி கடை, வெளிய கிடைக்காது, பத்து நிமிசம்தான்னார். சித்தி வீட்ல பட்டுப்புழு வளக்கறாங்க, வருசா வருசம் தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு கூடு கொண்டு போறவங்க, அவங்க புடவைய கைல தொட்டதுமே இது கலப்பும்மானு என் காதுல சொல்லிட்டாங்க. அசல் மைசூர் சில்க் கர்நாடகா அரசாங்கத்தோட பட்டு கம்பெனி கேஎஸ்ஐசி நெய்யறது, ஒவ்வொரு புடவைலயும் நம்பர் இருக்கும், ஹாலோகிராம் இருக்கும். அந்த கடைல ஒண்ணுலயும் இல்ல. கூட வந்த ஒரு ஓசூர் அம்மா அத கவர்மெண்ட் கடைனே நம்பி ரெண்டு புடவை எடுத்துட்டாங்க, அவங்க கிட்ட என்ன சொல்றதுனே எனக்கு தெரியல. அங்க இருந்து ஊதுபத்தி சந்தன எண்ணெய் கடை. அரண்மனை வாசல்ல எங்கள எறக்கி விடறப்ப மணி நாலரை தாண்டிடுச்சு. அஞ்சரைக்கு மூடிடுவாங்க.

அந்த அரண்மனைய ஒரு மணி நேரத்துக்குள்ள எப்படி சார் பாக்கறது? 1897ல பழைய மர அரண்மனை கல்யாண சமயத்துல தீப்புடிச்சு எரிஞ்சு, அப்புறம் ஹென்றி இர்வின் டிசைன் போட்டு 1912ல கட்டி முடிச்ச இடம் அது. கல்யாண மண்டபத்துல மேல பாத்தா கலர் கண்ணாடி கூரை முழுக்க மயிலு, தர்பார் ஹால்ல நின்னா கண்ணு எட்டற வரைக்கும் தூணு. செருப்ப கழட்டி குடுத்து கியூல நின்னு உள்ள போறதுக்கே பெரியவங்களுக்கு நேரம் ஆவும். தசராவுக்கு சாமுண்டீஸ்வரி அம்மன யானை மேல வெச்சு கொண்டு போற அம்பாரிய பசங்களுக்கு காட்டணும்னு அவ்வளவு ஆசையா இருந்தேன், கைடு பின்னால நின்னு சீக்கிரம் சீக்கிரம்னு தள்ளிட்டே வந்தார். எங்க பையன் அம்பாரி எங்கம்மானு கேட்டுக்கிட்டே வெளிய வந்தான்.

இப்ப லைட் விஷயம், இதுக்குதான் எனக்கு ரொம்ப கோவம். உங்க நோட்டீஸ்ல பெரிய எழுத்துல முதல் நாள் இரவு அரண்மனை மின்னொளி அலங்காரம்னு போட்டிருக்கீங்க, படமும் போட்டிருக்கீங்க. முதல் நாள் சனிக்கிழமை. ஆனா முழு லைட்டும் போட்டு வெக்கறது ஞாயித்துக்கிழமையும் அரசு விடுமுறை நாள்லயும் சாயங்காலம் ஏழு மணிக்குதான், வாசல்ல நின்ன செக்யூரிட்டிகிட்ட கேட்டதும் அவரே நாளைக்கு வாங்கம்மானு சொல்லிட்டார். கைடு எங்கள ரூமுக்கு கூட்டிட்டு போயிட்டார். ரூம பத்தி எழுதினா இன்னும் ஒரு பக்கம் போவும், சுடுதண்ணி வரல, ரெண்டு பேர் ரூம்ல நாலு பேரு, அதோட விடறேன்.

மறுநாள் காலைல சாமுண்டி மலை நல்லபடியா ஆச்சு, நந்தி கிட்டயும் நிறுத்தினாங்க. நஞ்சன்கூட்டுல கபிலா ஆத்துல கால நனைச்சுட்டு நஞ்சுண்டேஸ்வரர நிம்மதியா பாத்தோம், அப்பா அந்த கோபுரத்த பாத்துட்டே நின்னார். இத இல்லனு சொல்ல மாட்டேன். ஆனா அங்க இருந்து திரும்பி வர்ற வழியில மறுபடியும் கடை சார், மறுபடியும். நாங்க வேணாம்னு வண்டிய விட்டே எறங்கல, மத்தவங்க வர்ற வரைக்கும் உக்காந்திருந்தோம். கமிஷன் எவ்வளவு வருதோ எனக்கு தெரியாது, அந்த கமிஷனுக்கு எங்க நேரத்த எடுத்துக்க உங்களுக்கு உரிமை இல்ல.

ஸ்ரீரங்கப்பட்டணம் வர்றப்ப அஞ்சே கால். திப்புவோட கோடை மாளிகை தரியா தௌலத் பாக், அத அஞ்சு மணியோட மூடிட்டாங்க. எங்க அப்பா இந்த டூருக்கு ஒத்துக்கிட்டதே அந்த ஒரு இடத்துக்காகதான். கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு திப்பு கதை வேற ஊர் கதை இல்ல. எங்க மாவட்டம் அந்த காலத்துல பாராமகால்னு சொன்ன பகுதி, 1792ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒப்பந்தம் போட்டப்பதான் இந்த பூமிய திப்பு வெள்ளைக்காரன் கைல குடுக்க வேண்டியதாச்சு, ரெண்டு புள்ளைங்கள பிணையா அனுப்ப வேண்டியதாச்சு. அப்பா சின்ன வயசுல இருந்து எங்க ஊர் மலைக்கோட்டைல ஏறி எறங்கினவர், 1780ல பொள்ளிலூர்ல இங்கிலீஷ்காரன் படை தோத்தத அந்த மாளிகை சுவத்துல பெருசா வரைஞ்சிருக்காங்க, ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு பல வருசமா சொல்லிட்டு இருந்தார். பூட்டின கேட்ல கைய வெச்சு நின்னுட்டு போலாம்மானு மட்டும் சொன்னார். ரங்கநாதர் கோயிலுக்காச்சும் போவோம்னு போனா இருபது நிமிசத்துல வந்துடணும்னாங்க.

அதுக்கப்புறம் மேல்கோட்டைக்கு நேரமில்ல, இருட்டிடும், நேரா வீட்டுக்குதான்னு கைடு சொல்லிட்டார். பெரியம்மா அழுதுட்டாங்க சார். ராமானுஜருக்கு மூணு திருமேனி, ஸ்ரீரங்கத்துல தானான திருமேனி, ஸ்ரீபெரும்புதூர்ல தான் உகந்த திருமேனி, மேல்கோட்டைல தமர் உகந்த திருமேனி. முதல் ரெண்டையும் சேவிச்சுட்டாங்க, மூணாவதுக்காகத்தான் இந்த முட்டி வலியோட வந்தாங்க. திருநாராயணபுரம் (மேல்கோட்டைதான்) போறேன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு கிளம்பினவங்க. இனிமே அவங்கள எப்ப கூட்டிட்டு போவேன், போக முடியுமானு கூட எனக்கு தெரியல.

இதுல எனக்கு ஆறவே மாட்டேங்கறது என்னன்னா, ரெண்டு நாளையும் மாத்தி போட்டிருந்தாலே எல்லாம் நடந்திருக்கும். சனிக்கிழமை வர்ற வழியிலயே மேல்கோட்டை, ஸ்ரீரங்கப்பட்டணம். கோயில் நடை மத்தியானம் சாத்திட்டு சாயங்காலம் தெறக்கற வரைக்கும் தரியா தௌலத்த பாத்துடலாம். ஞாயித்துக்கிழமை காலைல சாமுண்டி மலை, நஞ்சன்கூடு, மத்தியானம் அரண்மனை, ஏழு மணிக்கு லைட்ட பாத்துட்டு கிளம்பினா நடுராத்திரிக்கு மேல கிருஷ்ணகிரி வந்துடலாம். மேப்ப பாத்தா எனக்கே தெரியுது. நாங்க ஸ்ரீரங்கப்பட்டணத்துல பூட்டின கேட்ட பாத்துட்டு ஊருக்கு வண்டி ஏறின அந்த சாயங்காலம்தான் அங்க அரண்மனைல லைட் போட்டிருப்பாங்க, பதினஞ்சு கிலோமீட்டர்தான் தூரம்.

அதனால நான் கேக்கறது இதுதான். பாதி இடம் காட்டல, கட்டின காசுல பாதிய எங்க எல்லாருக்கும் திருப்பி குடுங்க. லைட் காட்டுவோம்னு சனிக்கிழமைக்கு போட்டிருக்கற வரிய நோட்டீஸ்ல இருந்து எடுங்க, இன்னைக்கும் அதே நோட்டீஸ்தான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒட்டியிருக்கு, இன்னொரு குடும்பம் அத நம்பி காசு கட்டும். கடைக்கு கூட்டிட்டு போறதா இருந்தா புக் பண்றப்பவே சொல்லுங்க, வேணும்கறவங்க வரட்டும். அந்த ஓசூர் அம்மாவுக்கு புடவை காச கடைக்காரர்கிட்ட பேசி வாங்கி குடுங்க, கூட்டிட்டு போனது உங்க ஆளுதான்.

பதினஞ்சு நாள் டைம் குடுக்கறேன். உங்க ஆபீஸ் சென்னைல இருக்குனு நான் அங்க வந்து அலையணும்னு இல்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல நான் குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் பீஸும் கிடையாது. முதல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணுவேன், அப்புறம் கிருஷ்ணகிரி நுகர்வோர் கமிஷன்.

நோட்டீஸ், ரசீது, அரண்மனை டிக்கெட், பூட்டின கேட் போட்டோ எல்லாம் இணைச்சிருக்கேன், போட்டோல நேரமும் இருக்கு. பதில எழுத்துலயே அனுப்புங்க, போன்ல வேணாம்.

இப்படிக்கு,
டூர்ல வந்த கிருஷ்ணகிரி குடும்பத்து சார்பா